சங்கரலிங்கம் அண்ணாச்சியின் கட்டில் சரித்திரம்

செய்தி வந்தபோது நான் மடக்குக் கட்டிலின் மேல் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். டெல்லி துவாரகாவில் எங்கள் வீடு நாலாவது மாடி. மே மாத வெயில் காலை எட்டு மணிக்கே பால்கனியில் வந்து சட்டமாக உட்கார்ந்துவிடும். கட்டிலை விரித்து, பழைய வேட்டியை அதன்மேல் இழுத்துக் கட்டி, பாதி வேலை முடித்திருந்தேன். இரண்டு கையிலும் மாவு என்பதால் என் மகள் மீராதான் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தாள். சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மனைவி கோமதி அக்காவின் குரல். "அண்ணாச்சி தூங்கிட்டாகம்மா" என்றார். "சரிங்கக்கா, எழுந்ததும் பேசறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகுதான் எனக்கு விளங்கியது. பாதி வடகம் பிழிந்தபடி கிடந்த அந்தக் கட்டிலும் அண்ணாச்சியுடையதுதான்.

சரோஜினி நகரில் அவரோடு பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர், ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளை அழைத்துவர நம்மோடு நிஜாமுதீன் ஸ்டேஷன் வரை துணைக்கு வந்தவர். கோமதி அக்கா செய்யும் தேங்காய்ப்பால் சொதிக்கு வீடு வீடாக ஆள் சேர்த்தவர். மற்றபடி "கட்டில் அண்ணாச்சி". யாரைப் பார்த்தாலும் கட்டிலைப் பற்றியே பேசுகிற மனிதருக்கு நாம் வைத்த கேலிப் பெயர் அது. அவருக்கு அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் காரணமே நான்தான்.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். வரைபடங்கள் தயாரிக்கும் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் படம் வரைபவராக இருந்தார். விரல் நுனியில் எப்போதும் கறுப்பு மை இருக்கும். தம் தொழிலைப் பற்றி அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "தரையில இல்லாத ரோட்டைப் படத்துல போடக்கூடாது தாயி. ஒருத்தன் அதை நம்பி வண்டிய விட்டுருவான்." படத்தின் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவருடைய அலுவலகத்தில் சொல்வார்களாம். இப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் ஒரு தடவை வடக்கு எது, தெற்கு எது என்று தெரியாமல் போனது.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் கணவருக்குப் பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எங்களுக்கு மேல்வீடு, அண்ணாச்சிக்குக் கீழ்வீடு. அவரும் அந்த வாரம்தான் குடிவந்திருந்தார். நான் அப்போது நாலு மாதம். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. பிரசவம் வரை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கட்டிலை விட்டு இறங்காமல் இருக்க எங்களிடம் முதலில் ஒரு கட்டில் இருக்கவேண்டுமே! கரோல் பாகில் மொட்டை மாடி அறையொன்றில் பாய் விரித்துக் குடித்தனம் நடத்தியவர்கள் நாங்கள். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து என் கணவரும் அண்ணாச்சியுமாக மாடிக்குத் தூக்கிப் போனார்கள். பாயைப் பார்த்த அண்ணாச்சி உடனே இறங்கிப் போய்த் தம் வீட்டுக் கட்டில் இரண்டில் மடக்குக் கட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். இரும்புக் குழாய்ச் சட்டம், வெள்ளை நாடாப் பின்னல். விரிக்கும்போது ஒரு முனகல் முனகும்.

என் மாமியாரின் கடிதம் ஈரோட்டிலிருந்து முன்பே வந்திருந்தது. அதில் மூன்று இடத்தில் ஒரே வாக்கியம்: வடக்கே தலை வைத்துப் படுக்காதே. எனக்கும் அந்தப் பயம் வேண்டிய அளவு இருந்தது. இரண்டு தடவை இழந்தவளுக்கு எதைச் சொன்னாலும் பயம்தான். பப்பாளி என்று எழுதியிருந்த காகிதத்தைக்கூடத் தொடமாட்டேன். "தெக்கு எந்தப் பக்கமுங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். வெளியே டெல்லியின் ஜனவரி மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை, சூரியன் எங்கே தெரியப்போகிறது? அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வாழ்நாளெல்லாம் அம்புக்குறி போட்ட கையை நீட்டினார். "இது தெக்கு. தைரியமா தலைய வை." அந்தச் சுவர்ப் பக்கம் தலை வைத்துப் படுத்தேன்.

ஒன்பது நாள் சூரியன் வரவில்லை. அந்த ஒன்பது நாளும் எனக்குக் கனவு மாதிரிதான் நினைவிருக்கிறது. பகலும் பாலைத் தண்ணீரில் கலந்த நிறம், சாயங்காலமும் அதே நிறம். தெருவில் போகிற காய்கறி வண்டிக்காரரின் குரல் மட்டும் வரும், வண்டி வராது. நான் படுத்தபடியே வயிற்றில் கை வைத்துக்கொண்டு, தெற்கே தலை வைத்திருக்கிறோம், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கிடப்பேன்.

பத்தாம் நாள் காலையில் பனி விலகியது. என் கணவர் பால் வாங்க டிப்போவுக்குப் போயிருந்தார். நான் கண் விழித்தபோது அறையில் வெளிச்சம். தலை தெற்கே இருந்தால் வலது கைப் பக்கத்து ஜன்னலில் அல்லவா சூரியன் வரவேண்டும்? அது இடது பக்கமாக, சமையலறை வழியாக நுழைந்து என் போர்வைமேல் விழுந்தது. படிக்காதவளுக்கும் புரிகிற கணக்கு. ஒன்பது நாள் வடக்கே தலை வைத்துப் படுத்திருக்கிறேன். எழுந்து உட்காரவும் பயம், படுத்திருக்கவும் பயம். கீழ்வீட்டில் சிமெண்டுத் தரைமேல் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

குரங்குக் குல்லாயோடு அண்ணாச்சி வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது. ஒரு காலில் அவருடைய செருப்பு, மறு காலில் கோமதி அக்காவுடையது. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"எதுக்கு தாயி அழுத? வடக்கு தெக்கு எல்லாம் தரையில பாய் விரிச்சுப் படுக்கவனுக்கு. கட்டிலுக்குக் கிடையாது."

நான் அழுகையை நிறுத்தவில்லை.

"நான் சொல்லுதேன் கேளு. கட்டிலுக்கு எத்தனை காலு? நாலு. நாலும் நாலு திசையைப் பாத்து நிக்கி. அதும்மேல ஏறிட்டா எந்தப் பக்கம் தலை வச்சாலும் ஒண்ணுதான்."

"இது எங்கீங்க எழுதியிருக்குது?" என்று கேட்டேன். அழுகையிலும் எனக்கு இந்தக் குதர்க்கம் போகாது.

அண்ணாச்சி குல்லாயை ஒரு தடவை கழற்றி மாட்டினார். "கட்டில் சரித்திரத்துல" என்றார்.

"கட்டிலுக்குச் சரித்திரமா?"

"பின்ன? ராஜாக்களுக்கு இருக்கு, கட்டிலுக்கு இருக்காதா? நாளைக்குச் சாயங்காலம் வந்து சொல்லுதேன்."

பால் வாங்கி வந்த என் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, உடனே திருப்பிப் போட்டுவிடலாம் என்று கட்டிலில் கை வைத்தார். நான் வேண்டாம் என்றேன். திருப்பிப் போட்டால் அந்த ஒன்பது நாளும் தப்பு என்று ஆகிவிடும். திருப்பாமல் இருந்தால் அண்ணாச்சி சொன்னது சரி, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதில் என்ன அறிவு இருக்கிறது என்று கேட்காதீர்கள். என் பிள்ளை அப்போது அந்த ஒரு வார்த்தையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் அலுவலகம் விட்டதும் அண்ணாச்சி வந்தார். கையில் ஒரு பிரம்பு மோடா. அறை வாசலுக்கு வெளியே அதைப் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தார். அன்றிலிருந்து ஜூன் வரை ஒரு நாள் தவறாமல் வந்தார். எகிப்து ராஜாக்களின் கட்டிலில் கால்மாட்டில்தான் பலகை இருக்குமாம், தலைமாட்டில் ஒன்றும் இருக்காதாம். தலைக்கு மரத்தால் ஒரு தாங்கியாம். நம் தமிழில் ராஜா உட்கார்ந்த ஆசனத்துக்கும் அரசு கட்டில் என்றுதான் பெயர், முரசு வைத்த மேடைக்கும் முரசு கட்டில். வெள்ளைக்கார அதிகாரிகள் முகாமுக்கு முகாம் போகும்போது மடக்கி ஒட்டகத்தின்மேல் போட்டுக்கொண்டு போன கட்டில்தான் நான் படுத்திருக்கும் கட்டிலுக்குத் தாத்தா. நான் அரைக் கண்ணில் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒட்டகம் ஒன்று எங்கள் நாடாக் கட்டிலை என்னோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு மூடுபனியில் மெதுவாக நடக்கும். வயிற்றுக்குள் இருப்பவள் புரண்டு படுப்பாள். அண்ணாச்சியின் குரல் எங்கேயோ தூரத்தில் போய்விடும். நான் தூங்கிவிட்டேன் என்று தெரிந்ததும் மோடாவைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். "படுக்கதுக்குக் கட்டில் போதும், தூங்கதுக்குக் கதை வேணும்" என்று கோமதி அக்காவிடம் சொல்வாராம்.

ஜூன் மாதம், லூ என்கிற அனல்காற்று அடித்த ஒரு மத்தியானத்தில் மீரா பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ. ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வாங்கிப் பார்த்த அண்ணாச்சி திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். வீட்டுக்கு வந்ததும் கட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "புள்ள பெத்த கட்டிலை வெறுமனே திருப்பி வாங்கக்கூடாது, உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். எனக்குத்தான் முடிந்தது, அவருக்கு முடியவில்லை.

மீரா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் எனக்கு ஒரு பள்ளி நூலகத்தில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை அரை நாள். பத்து மணிக்கு அண்ணாச்சி வந்து நிற்பார். "கட்டிலைப் பத்தி ஏதாவது புஸ்தகம் இருக்கா தாயி?" ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக வந்தது. குழந்தைகள் படிக்கிற நூலகத்தில் கட்டிலுக்கு என்ன புத்தகம் இருக்கும்? ஆனாலும் கலைக்களஞ்சியத்தில் தேடி எடுத்துக் கொடுப்பேன். ஜன்னலோரம் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மை விரலால் வரி வரியாகத் தடவிப் படிப்பார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். கட்டிலுக்குத் திசை கிடையாது என்று உலகத்தில் யாராவது எங்கேயாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினார். தம் படத்தில் போட்டுவிட்ட ரோடு தரையில் எங்காவது இருக்கிறதா என்று தேடினார்.

மூடுபனி விலகிய அந்த வாரமே தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பித்தளைத் திசைகாட்டி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அது இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. ஒரு அருங்காட்சியகத்தில் கயிறு கட்டித் தடுத்து வைத்திருந்த ராஜா காலத்துக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து, இதில் ராஜா எந்தப் பக்கம் தலை வைத்தார் என்று காவலாளியிடம் கேட்டிருக்கிறார். காவலாளி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாபூஜி, ராஜா போயாச்சு, நீங்களும் போங்க" என்று இந்தியில் சொல்லி அனுப்பினாராம்.

தெருவில் கயிற்றுக் கட்டில் பின்னிக் கொடுக்க வருபவர் ஒருவர் உண்டு. அவரை நிறுத்தி வைத்து ஒரு காலை முழுவதும் பேசிவிட்டு, அந்தச் சனிக்கிழமை முகம் வாடி வந்தார். வடநாட்டுக் கயிற்றுக் கட்டிலில் பின்னும்போதே தலைமாடு, கால்மாடு தீர்மானமாகிவிடுமாம். இழுத்துக் கட்டும் கயிறு கால் பக்கம்தான் வருமாம். வடக்கே தலை வைக்கலாமா என்று கேட்டதற்கு அவர் ராம் ராம் என்று காதைப் பொத்திக்கொண்டாராம். "வடக்கத்திக்காரனுக்கும் வடக்கு ஆகாதாம் தாயி!" என்றார். அப்புறம் சட்டென்று நிமிர்ந்து, "ஆனா அது கயித்துக் கட்டிலுக்கு. நாடாக் கட்டிலுக்கு வேற" என்றார். நான் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன். அன்றைக்கே வெளியே வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தேடியது கிடைக்காவிட்டாலும் தேடாதது நிறையக் கிடைத்தது அவருக்கு. நம் பக்கத்து வீடுகளில் முன்பெல்லாம் கட்டில் இருந்தால் ஒன்றுதான் இருக்கும், அது மாப்பிள்ளைக்கு, இல்லாவிட்டால் நோயாளிக்கு, மற்றவர்களுக்கெல்லாம் பாய் என்பார். "டெல்லிக் குளிருதான் நம்மாளுகளைக் கட்டில்ல ஏத்திச்சு. இந்தச் சிமிண்டுத் தரையில பாய் போட்டா முதுகெலும்பு பேசும்லா!" மனிதனின் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு கட்டிலில் போகிறது, அதை விட்டுவிட்டு ராஜாக்களின் சண்டையையே எழுதுகிறார்களே என்று அவருக்குக் கோபம் வரும். சரோஜினி நகரில் ஒவ்வொரு வீடாகப் போய், முதல் கட்டில் எப்போது வாங்கினீர்கள், யாருக்காக வாங்கினீர்கள் என்று கேட்டார். நாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னோம்.

மீராவுக்குப் பத்து வயதானபோது பஞ்ச்குயியான் ரோட்டில் ஒரு பெட்டிக் கட்டில் வாங்கினோம். பலகையைத் தூக்கினால் உள்ளே குளிர்கால ரஜாய்ப் போர்வைகளை அடுக்கலாம். அண்ணாச்சி வந்து பார்த்தார், குனிந்தார், அடியில் கையை விட்டுப் பார்க்க முயன்றார். கை போகவில்லை.

"அங்கிள், என்ன டூண்டுறீங்க?" என்றாள் மீரா. அவள் தமிழில் பாதி இந்திதான்.

"காலைத் தேடுதேன்மா. இதுக்குக் காலே இல்லையே! இது கட்டில் இல்ல, பெட்டி. இதுக்குத் திசை உண்டு" என்று திசைகாட்டியை எடுத்துவிட்டார். அன்று மத்தியானம் முழுவதும் என் கணவரை வேலை வாங்கி அந்தப் பெட்டியைத் தலைமாடு தெற்கே வரும்படி திருப்பிய பிறகுதான் காபி குடித்தார். தாம் சொன்ன பொய்க்கு அந்த அளவுக்கு நேர்மையாக நடந்துகொண்டவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஜனக்புரியில் ஒரு சிறிய வீட்டுக்குப் போனார். நாங்கள் துவாரகா வந்தோம். போன மாதம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கோமதி அக்கா சொல்லி, ஒரு காலை நேரத்தில் பார்க்கப் போனேன். மெலிந்து போயிருந்தார். சக்கரம் வைத்த கட்டில், தலைமாடு சுவரோடு ஒட்டியிருந்தது. பேச்சு மெதுவாக வந்தது. கோமதி அக்கா மருந்து வாங்கக் கீழே போனதும், தலையணைக்கு அடியில் கையைக் காட்டினார். திசைகாட்டி.

"பாரு தாயி. எனக்கு எந்திரிச்சுப் பாக்க முடியல. தலை எந்தப் பக்கம் இருக்கு?"

பார்த்தேன். முள் ஆடி ஆடி, அவர் தலைக்கு நேராகப் போய் நின்றது. வடக்கு. அவருடைய கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. படம் வரைகிறவரிடம் முகத்தை மறைக்க முடியாது.

"வடக்கா?" என்றார். "நான் உனக்கு ஒரு காரியம் பண்ணிட்டேன் தாயி. அன்னிக்குக் கட்டிலுக்குத் திசை இல்லைன்னு சொன்னேம்லா, அது எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது. தேடித் தேடிப் பாத்துட்டேன். இல்லாத ரோட்டைப் போட்டுட்டேன்."

இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க அண்ணாச்சி. நீங்க மாடி ஏறி வர்றதுக்கு முன்னாடி, கீழ உங்க கட்டிலை இழுத்துத் திருப்பிப் போட்டீங்களே, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சுங்க."

அண்ணாச்சி கண்ணை மூடித் திறந்தார். "கேட்டுட்டா?"

"கேட்டுச்சுங்க."

"பின்ன ஏன் தாயி நீ திருப்பிப் போடல?"

"அக்கா செருப்பையும் சேத்துப் போட்டுக்கிட்டு ஓடி வந்தீங்களே. ஒரு மனுசன் இவ்வளவு பாடுபட்டுச் சொல்லும்போது பொய்யா இருந்தா என்னங்க? அந்த ரோட்டுலதான் நானும் எம்புள்ளையும் நடந்து வந்தோம்."

அவர் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அந்தச் செருப்பு கடிச்ச கடி இருக்கே..." என்றார். நான் திசைகாட்டியை மூடித் தலையணைக்கு அடியில் வைத்தேன். கட்டிலுக்கு நாலு கால் அண்ணாச்சி, நாலும் நாலு திசையைப் பார்த்து நிற்கிறது என்று அவர் சொன்னதையே அவருக்குச் சொன்னேன். எகிப்திலிருந்து ஆரம்பித்தேன். ஒட்டகம் வருவதற்குள் தூங்கிவிட்டார். நான் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி எழுந்து வந்தேன். நான் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி.

முன்பே சொல்லியிருந்தால் அவருடைய தேடல் அன்றே முடிந்திருக்கும். சனிக்கிழமைகளில் அவர் வராமல் போய்விடுவாரோ என்ற சுயநலம்தான் என் வாயைக் கட்டியது. அதை இங்கே உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

திசைகாட்டி கோமதி அக்காவிடம் இருக்கிறது, அது அவரிடம்தான் இருக்கவேண்டும். என்னிடம் இருப்பது மடக்குக் கட்டில். நாடா இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, முனகல் மட்டும் அதே முனகல். காரியங்கள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் காய்ந்த வடகத்தை எடுத்து டப்பாவில் போட்டேன். வேட்டியை உதறிவிட்டுக் கட்டிலை உள்ளே கொண்டுவந்து விரித்தேன். மத்தியானத்தில் இப்போது அதில்தான் படுக்கிறேன், வடக்கே தலை வைத்து. நன்றாகத் தூக்கம் வருகிறது.